ஆறுகளை எண்ணிக்கொண்டே ஓட்டுங்கள்: ஸ்ரீரங்கத்திலிருந்து தஞ்சைக்கு ஒரு நாள் சைக்கிள் பயணம்

திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனால் காவிரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதே தஞ்சைக்கு ஆற்றங்கரையோடு போக இன்னொரு வழி உண்டு: ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருப்பூந்துருத்தி, கண்டியூர், திருவையாறு, தஞ்சை. மொத்தம் சுமார் 65 கிலோமீட்டர். மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, பாலங்கள்தான் ஏற்றம். நிதானமாக ஓட்டுகிறவரும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இந்த வழியில் ஊர்ப் பெயர்களே வரைபடம். அரங்கம் என்றால் ஆற்றிடைத் தீவு. துருத்தி என்றாலும் அதுதான். ஐயாறு என்றால் ஐந்து ஆறு. பெயர் சொல்வது உண்மைதானா என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று பார்க்கச் சைக்கிளைவிட நல்ல வண்டி இல்லை. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. மழை பொய்த்தால் தேதி தள்ளிப்போகும். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாளாகும். ஆகவே சித்திரை, வைகாசியில் போனால் பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பீர்கள், வெயிலும் வாட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம்.

மிஞ்சுவது இரண்டு பருவம். ஆடியில் ஆறு நிறைந்து ஓடும். மேற்கிலிருந்து வீசும் காற்று கிழக்கே போகிற உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளும். அதனால்தான் தஞ்சையில் தொடங்காமல் ஸ்ரீரங்கத்தில் தொடங்கச் சொல்கிறேன். தை மாதத்தில் வெயில் இதம், வயல் பொன்னாக இருக்கும். ஆனால் காற்று எதிரே வரும், சம்பா அறுவடையும் சாலைக்கு வந்துவிடும். அதைப் பற்றிப் பிறகு.

2. சைக்கிளையும் மூட்டையையும் தயார்செய்யுங்கள்

மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் இந்தச் சாலைகளுக்குப் பொருந்தும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளும் போதும், சமவெளிதானே. முதல் நாளே பிரேக் கட்டையைப் பாருங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள், காற்றடித்து ஒரு இரவு நிற்கவிட்டுக் காலையில் அழுத்திப் பாருங்கள். ஆற்றங்கரைகளில் கருவேல முள் உண்டு. இரண்டு மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு மூன்றும் கட்டாயம்.

தண்ணீர் பாட்டில் இரண்டு. ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்து வையுங்கள். பலர் மறக்கிற பொருள் ஒன்று இருக்கிறது: வேட்டி. அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் விடமாட்டார்கள். மெல்லிய வேட்டி ஒன்றோ, பெண்கள் என்றால் முழுக்கால் உடையும் துப்பட்டாவுமோ பையில் இருக்கட்டும். பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவும் உதவாது. நாள் முழுக்கச் செருப்பைக் கழற்றி மாட்டுகிற பயணம் இது.

3. நேரத்தைக் கோயில் கதவுக்குத் தக்கபடி வகுங்கள்

பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். வெயிலும் அதே நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். ஏழரைக்குக் கல்லணை, ஒன்பதரைக்குத் திருக்காட்டுப்பள்ளி, பதினொன்றரைக்குத் திருவையாறு. அங்கே மதியம் முழுக்க ஓய்வு. மாலை நாலு மணிக்குமேல் கடைசிப் பகுதி.

4. தீவிலிருந்து புறப்படுங்கள்

ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரத்தின் அடியில் தொடங்கலாம். பல நூற்றாண்டு மொட்டையாக நின்று, 236 அடி உயரத்துக்கு 1987-இல்தான் முழுமை பெற்ற கோபுரம். மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதால் உண்டான தீவில் நிற்கிறீர்கள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கணக்கில் இரண்டு ஆறு.

கொஞ்ச தூரத்தில் திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த் தலம்; கருவறையிலேயே ஊற்று கசியும். இயற்பியலாளர் சி. வி. ராமன் 1888-இல் பிறந்தது இந்த ஊரில்தான். இங்கிருந்து கல்லணைச் சாலையைப் பிடியுங்கள். திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள் வரும். வாழைத் தோப்புகளுக்கு நடுவே போகும் குறுகிய சாலை. டவுன் பஸ்கள் வேகமாக வரும். ஹாரன் கேட்டதும் ஓரம் ஒதுங்கிவிடுங்கள். மற்றபடி இந்தப் பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான் நாளிலேயே மிக அமைதியான ஓட்டம்.

5. கல்லணையில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

இங்கேதான் தீவு முடிகிறது. சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டே பாலங்களைக் கடந்து பாருங்கள். காவிரிக்கு ஒரு மதகுத் தொகுதி, வெண்ணாற்றுக்கு ஒன்று, கல்லணைக் கால்வாய்க்கு ஒன்று. மிகுதி வெள்ளத்துக்குக் கொள்ளிடம். அந்தப் பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது: கொள்ளும் இடம். அதன் படுகை காவிரியைவிடத் தாழ்வானது. விட்டால் தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்துக்கே ஓடிவிடும், தஞ்சை வயல்கள் காயும். வெள்ளத்தை அங்கே தள்ளி, பாசன நீரைக் காவிரியிலேயே நிறுத்துவதுதான் இந்த அணையின் வேலை.

கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய அணை சுமார் 1,080 அடி நீளம், வளைந்து நெளிந்து கிடக்கும். பெரிய பாறைகளை ஆற்று மணலில் போட்டு, அவை புதையப் புதைய மேலே அடுக்கி, களிமண்ணால் பிணைத்தார்கள் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த பொறியாளர் ஆர்தர் காட்டன் வைத்த பெயர்தான் கிராண்ட் அணைக்கட். 1830-களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டியவரும் அவரே. யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் திறந்திருக்கும் நாளில் மதகு அருகே குளிக்க இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் இழுக்கும்.

கணக்கு: வெண்ணாற்றையும் கால்வாயையும் சேர்த்து நான்கு.

6. கரையை விடாமல் திருக்காட்டுப்பள்ளி வரை

அடுத்த நிறுத்தம் கோவிலடி, பழம்பெயர் திருப்பேர்நகர். படியேறிப் போய்ச் சேவிக்க வேண்டிய பெருமாள் அப்பக்குடத்தான். தினமும் அவருக்கு அப்பம் படைப்பது வழக்கம்.

தை, மாசியில் போகிறவர்கள் இங்கிருந்து கவனமாக இருங்கள். களம் போதாத இடங்களில் நெல்லைத் தார்ச்சாலையிலேயே காயப்போடுவார்கள், வைக்கோலையும் பரப்புவார்கள். நெல்மேல் சக்கரம் ஏறினால் மணலில் ஓடுவதுபோல வழுக்கும், காயப்போட்டவர் உழைப்பும் பாழாகும். வைக்கோல் அதைவிடச் சங்கடம். ஒருமுறை நான் அலட்சியமாக அதன்மேல் ஓட்டிப்போய், பின் கியரில் தாள் சுற்றிச் சக்கரமே நின்றுவிட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக இழுத்தேன். கதிரடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அரிவாளோடு வந்து, “இறங்கித் தள்ளிக்கிட்டுப் போனா என்னா தம்பி?” என்றார். அதுதான் சரியான முறை. இறங்கித் தள்ளுங்கள்.

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. குடத்தையே உருட்டிக்கொண்டு போகும் வேகம் உள்ள ஆறு என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கணக்கு ஐந்து. இட்லி, காபிக்கு இந்த ஊர்தான் சரி. டயரையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

7. துருத்தி வழியாகக் கண்டியூர்

இங்கிருந்து கண்டியூர்ச் சாலை. வழியில் ஓர் ஊரின் பெயரே நடுக்காவேரி. அதைத் தாண்டித் திருவாலம்பொழில், பிறகு திருப்பூந்துருத்தி. காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே இருக்கும் இந்தத் துருத்தியில்தான் அப்பர் மடம் அமைத்துத் தங்கினார். அவரைப் பார்க்க வந்த சம்பந்தரின் சிவிகையை, கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து அப்பரே தோளில் தாங்கினார் என்கிறது பெரியபுராணம்.

கண்டியூரில் சாலை தஞ்சை–திருவையாறு சாலையைத் தொடும். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்றான சிவன் கோயிலும், அதனருகிலேயே அரன் சாபம் தீர்த்த பெருமாள் கோயிலும் இருக்கின்றன. நேரம் பார்த்துக்கொண்டு வடக்கே திருவையாற்றுக்குத் திரும்புங்கள்.

8. மதியம் திருவையாற்றில்

நடை சாத்துமுன் ஐயாறப்பர் கோயில். உள்ளேயே இருக்கும் வட கயிலாயம் ராஜராஜனின் தேவி உலகமாதேவி எடுப்பித்தது. கயிலைக்கு நடந்தே போய் உடல் தேய்ந்து விழுந்த அப்பர், அங்கே ஒரு பொய்கையில் மூழ்கி இந்த ஊர்க் குளத்தில் எழுந்து கயிலைக் காட்சி கண்டார் என்பது ஐதிகம். அரை நாள் மிதித்தவர்களுக்கு அந்தக் கதை நன்றாகவே புரியும்.

சாப்பாட்டுக்குப்பின் பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வா. பிறகு காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. 1847-இல் அவர் மறைந்தபின் கவனிப்பாரின்றிக் கிடந்த இடத்தில் 1920-களில் தன் சொத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த காலம் அது. நாகரத்தினம்மாளின் சமாதியும் அருகிலேயே இருக்கிறது. ஆராதனை நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம். அப்போது சைக்கிளோடு வராதீர்கள். மற்ற நாட்களில் படித்துறை நிழலில் ஒரு தூக்கம் போடலாம்.

9. ஐந்து பாலம் எண்ணித் தஞ்சைக்கு

மாலையில் தெற்கே திரும்பினால் தஞ்சை சுமார் 12 கிலோமீட்டர். அதற்குள் ஐந்து பாலம்: காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. காலையில் பார்த்த ஆறுகளும் அவற்றின் கிளைகளும்தான் இவை. குடமுருட்டி காவிரியின் கிளை. வெட்டாறும் வடவாறும் வெண்ணாற்றின் கிளைகள். வெட்டப்பட்டதால் வெட்டாறு, தஞ்சைக்கு வடக்கே ஓடுவதால் வடவாறு. போக்குவரத்து அதிகமான சாலை இது. பாலங்கள்மேல் நிற்காமல், கடந்ததும் ஓரமாக நின்று பாருங்கள். இருட்டுவதற்குள் ஊர் சேராவிட்டால் பின்விளக்கு அவசியம்.

10. முடிக்கும் இடம்

பெரிய கோயில் வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். 1010-இல் முடிந்த விமானம் மாலை வெயிலில் நிறம் மாறும் நேரம் அது. திரும்பும்போது ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் பதிந்து ஏற்றலாம். நிலையத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்குப் போகும் வழியில் இன்னொரு பாலம் வரும். ஐயாற்றின் ஐந்தில் சேராத ஆறாவது நீர் அது: காலையில் கல்லணையில் பார்த்த அதே கால்வாய், மேட்டூர் அணையோடு 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தஞ்சைக்காரர்கள் இன்னும் அதைப் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள்.