பூனைக்குப் பாராசிட்டமால் ஏன் ஆகாது?

கோலார் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் அங்கே குளிர் கடிக்கும். காற்று வீசும் நாட்களில் தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளின் நுண்தூசி தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வந்து மூக்கை உறுத்தும். வீட்டுப் பூனை இரண்டு தும்மல் போட்டு, கண்ணில் நீர் வடிய, கிண்ணத்தைத் தொடாமல் மூலையில் சுருண்டுகொண்டால் வளர்ப்பவர் மனம் தாங்காது. காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கை உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுக்கத் தோன்றும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அந்தக் கால் மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

நாம் பாராசிட்டமாலை விழுங்கினால் அதில் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுக்குரானிக் அமிலம் என்ற சர்க்கரைச் சேர்மத்தோடு பிணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. பூனையின் கல்லீரலால் இதைச் சரியாகச் செய்ய முடியாது. காரணத்தை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் மைக்கேல் கோர்ட்டும் டேவிட் கிரீன்பிளாட்டும் கண்டறிந்தார்கள். அந்த வேலைக்கு வேண்டிய நொதியை உருவாக்கும் மரபணு பூனையிடம் இருக்கிறது, ஆனால் சிதைந்து செயலற்றுக் கிடக்கிறது. சிங்கம், புலி, சிவிங்கிப்புலி ஆகியவற்றிலும் அப்படியே என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. செடிகளைத் தின்னும் விலங்குகளுக்குத் தாவர நச்சுகளை வெளியேற்ற இந்த நொதி அவசியம். பூனை இனமோ இறைச்சியையே நம்பி வாழ்ந்தது. பயன்படாத மரபணு பழுதானபோது அதனால் எந்த இழப்பும் நேர்ந்திருக்காது. மனிதனின் மாத்திரை வரும்வரை அந்தக் குறை வெளியே தெரியவே இல்லை.

வெளியேற வழியில்லாத மருந்து பூனையின் உடலில் நச்சுப் பொருளாக மாறி இரத்தத்தைத் தாக்குகிறது. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினின் இரும்பு உருமாறி, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. இப்படி மாறிய பொருளுக்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். இரத்தம் பழுப்பாகிறது, ஈறுகளில் சாம்பல் நிறமோ பழுப்போ ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது, முகமும் பாதங்களும் வீங்குகின்றன.

சயனைடை அறிந்த ஊருக்கு இந்த மெத்ஹீமோகுளோபின் தூரத்துச் செய்தியாக இருக்க வேண்டியதில்லை. தாதிலிருந்து தங்கத்தைச் சயனைடு நீரில் கரைத்தெடுக்கும் முறைக்கு 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெறப்பட்டது. தங்கவயலின் ஆலைகளும் அந்த முறையைக் கைக்கொண்டன. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் கோடிக்கணக்கான டன் கழிவு மண் மேடுகளாக நிற்கிறது. சயனைடு உடலுக்குள் போனால் செல்லின் இரும்பைப் பற்றிக்கொண்டு மூச்சையே நிறுத்தும். அதற்கு மருத்துவம் கண்ட மாற்று மருந்துகளில் ஒன்று நைட்ரைட். அது இரத்தத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே மெத்ஹீமோகுளோபினாக மாற்றும். சயனைடு அந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு செல்லை விட்டுவிடும். சயனைடு நச்சேறிய மனிதனைக் காப்பாற்றும் அதே பொருள்தான் மாத்திரை தின்ற பூனையின் உயிரை எடுக்கிறது. ஒரு பொருளை மருந்து என்றோ நஞ்சு என்றோ சொல்வதற்கு முன் எந்த உடலுக்கு என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதற்கு நம் நாடு கொடுத்த விலை பெரிது. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டின் இறைச்சி வழியே கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. பிணந்தின்னிக் கழுகுகள் வானிலிருந்து ஏறக்குறைய மறைந்த பிறகே 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது.

சரி, தும்மும் பூனைக்கு என்னதான் செய்வது? பெரும்பாலும் இது ஹெர்பிஸ் அல்லது கலிசி வகை வைரஸால் வரும் பூனைச் சளி. மனிதருக்கு ஒட்டாது, மற்றப் பூனைகளுக்கு நம் கை வழியாகவும் கிண்ணம் வழியாகவும் பரவும். மூக்கையும் கண்ணையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி நிறைந்ததும், சில நிமிடங்கள் அங்கே பூனையோடு உட்கார்ந்திருங்கள். சுடுநீர் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதைவிட முக்கியமானது சாப்பாடு. பூனை மூக்கால்தான் உணவை அறிகிறது. மூக்கு அடைத்தால் உணவு அதற்கு உணவாகவே தெரியாது. வேகவைத்த கோழியையோ மீனையோ முள்ளும் எலும்பும் நீக்கி, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் மணம் எழும்பும். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம்.

ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனையின், குறிப்பாகக் கொழுத்த பூனையின் உடல் கொழுப்பு கல்லீரலுக்குள் குவிந்து அதைச் செயலிழக்க வைக்கும். சாதாரணச் சளி அப்படித்தான் ஆபத்தாகிறது. குட்டிகளுக்கு ஒரு நாள் அவகாசமும் கிடையாது. வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, கண் ஒட்டிக்கொண்டு திறக்காவிட்டாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் இடம் மாட்டுக்கு மட்டுமானதல்ல.

தெரியாமல் யாராவது மாத்திரையைக் கொடுத்துவிட்டால், அதை மறைக்காமல் அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்து பூனையின் உடலில் நச்சை எதிர்க்கும் பொருளைப் பெருக்கும். மனிதருக்குப் பாராசிட்டமால் மிகையானாலும் இதைத்தான் தருகிறார்கள். முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். சளி பிடித்த பூனைக்கு நம் மருந்துப் பெட்டியில் எதுவும் இல்லை. சூடான இடமும், மணக்கும் உணவும், பக்கத்தில் இருந்து கவனிக்கும் ஒருவரும் போதும். அதற்கு மேல் வேண்டியதை மருத்துவர் சொல்லட்டும்.