ஒரு மரண அறிவித்தலும் ஒரு ஊரின் வரலாறும்

இன்னைக்கு எபிசோட் ஒரு மரண அறிவித்தல்ல இருந்து ஆரம்பிக்குது.

என் காலேஜ் நண்பன் ஒருத்தனுக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம். போன வருஷம் அவனோட அம்மம்மா இங்க சென்னையில தவறிட்டாங்க. வீட்ல முதல் வேலையா யாழ்ப்பாணப் பத்திரிகைக்கு அறிவித்தல் கொடுத்தாங்க. "வாட்ஸ்அப்ல போட்டா போதாதாம்மா?"ன்னு கேட்டேன். அவன் அம்மா சொன்னாங்க: "பேப்பரில வந்தாத்தான் தம்பி ஊருக்குத் தெரியும்."

அந்த அறிவித்தல் இப்படிப் போகுது: தெல்லிப்பழையைப் பிறப்பிடமாகவும், கோண்டாவில், சாவகச்சேரி, சென்னை ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்டவர். கணவர், காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் முன்னாள் ஊழியர்.

எனக்கு அது வெறும் முகவரிப் பட்டியல். நண்பன்தான் விளக்கினான். 1990 ஜூன்ல போர் மறுபடி வெடிச்சதும் காங்கேசன்துறை, தெல்லிப்பழை பக்கத்து மக்கள் வீடுகளை விட்டுக் கிளம்ப வேண்டியதாச்சு. சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த வருஷத்தோட நின்னுபோச்சு. அப்போ இவங்க போன இடம் கோண்டாவில். 1995 அக்டோபர் கடைசியில ராணுவம் யாழ் நகரை நெருங்க, லட்சக்கணக்கான பேர் தென்மராட்சிப் பக்கம் நடந்தாங்க. சாவகச்சேரி இருக்கிறது அங்கதான். அங்கிருந்து சென்னை. ஆக, ஒரே வாக்கியத்துல ஒரு குடும்பம் இடம்பெயர்ந்த கதை மொத்தமும் இருக்கு.

இந்த மாதிரி விஷயம் தலைநகரத்துப் பேப்பர்ல முழுசா வராது. வீரகேசரி 1930லயும் தினகரன் 1932லயும் கொழும்புல தொடங்கினவை. நாடு முழுக்க வாசிச்சாங்க. ஆனா ஒரு கிராமத்துக் கோயில் கொடியேற்றம், வாசிகசாலை ஆண்டு விழா, வெங்காய விலை, இதுக்கெல்லாம் பக்கத்துலயே ஒரு பத்திரிகை வேணும். யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பழசு. அமெரிக்க மிஷன் 1841லயே 'உதயதாரகை'யைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அங்க தொடங்கிடுச்சு. 1959ல 'ஈழநாடு' வந்தது. கொஞ்ச காலத்துல அது நாளிதழாவும் ஆச்சு.

1981 மே 31, ஜூன் 1. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதுல போன புத்தகங்கள் ஏறக்குறைய 97,000. இதை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா அதே நாட்கள்ல ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டதை யாரும் அவ்வளவா பேசுறதில்ல.

இது ஏன் முக்கியம்? அச்சடிச்ச புத்தகம் ஒரு இடத்துல எரிஞ்சா, இன்னொரு ஊர் நூலகத்துல ஒரு பிரதி கிடைக்கலாம். உள்ளூர்ப் பேப்பரோட பழைய இதழை யார் சேர்த்து வைப்பாங்க? பெரும்பாலும் ரெண்டே இடம்தான்: பத்திரிகை ஆபீஸ், ஊர் நூலகம். இங்க ரெண்டும் ஒண்ணா எரிஞ்சது. பத்திரிகை பிறகு மறுபடி வெளிவந்தது. ஆனா எரிஞ்ச பழைய இதழ்களை யாராலும் திரும்ப எழுத முடியாது.

அப்புறமும் சும்மா இருக்கல. 1985ல 'உதயன்' வந்தது. 2006 மே 2 அன்னைக்கு ஆயுததாரிகள் அதோட அலுவலகத்துல புகுந்து ரெண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்னாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஏ-9 சாலை மூடினதும் தாள் தட்டுப்பாடு வந்து பக்கங்கள் குறைஞ்சது. பத்திரிகை நிக்கல.

இன்னொரு பக்கம், 2005ல 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தன்னார்வலர்கள் தொடங்கினாங்க. தப்பிப் பிழைச்ச ஈழநாடு இதழ்களை இப்போ அதுல ஸ்கேன் வடிவத்துல படிக்கலாம். நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து புரட்டினேன். பெரிய தலைப்புச் செய்தி ஒண்ணும் இப்போ நினைவில்ல. கூட்ட அறிவிப்பும் சினிமா விளம்பரமும்தான் மனசுல நிக்குது.

நம்ம வீட்டுப் பரண்லயும் பழைய பேப்பர் இருக்கும். தாத்தா பத்திரப்படுத்தின ஒரு செய்தி, பாட்டியோட கண்ணீர் அஞ்சலி விளம்பரம். பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துடுங்க. கூடவே பத்திரிகை பெயரும் தேதியும் குறிச்சு வைங்க. தேதி இல்லாட்டி அது வெறும் படம்தான்.

அம்மம்மாவோட அறிவித்தலை நண்பன் அப்படித்தான் எடுத்து வச்சிருக்கான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.