கருப்பட்டி

இனிப்பு என்றவுடன் இன்று பலருக்கும் நினைவில் எழுவது ஆலையில் வெளுத்த சீனியே. தென்பாண்டிச் சீமையிலோ, ஒரு காலத்தில் இனிப்பு என்றால் கருப்பட்டிதான். கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் வெல்லம். பனையின் பதனீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. பார்வைக்கு இரண்டும் உறவினர் போலத் தோன்றும். ஆயினும் கரும்பைத் தரையில் நின்று வெட்டலாம். பதனீரை மரத்தின் உச்சியிலிருந்தன்றோ இறக்க வேண்டும்!

தை மாதத்திற்குப் பின் பனை பாளை விடத் தொடங்கும். ஆண்பனை, பெண்பனை இரண்டுமே பதனீர் தரும். பனையேறி கால்களில் தளைநார் பூட்டி ஏறி, பாளையைக் கடிப்பினால் இதமாக நெரித்து, நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். சீவிய வாய் காய்ந்துவிடாமல் இருக்கக் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தால் நான் இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்பதுண்டு. முப்பது மரம் வைத்திருப்பவர் நாளொன்றுக்கு அறுபது முறை ஏறுகிறார். மரம் ஒன்று நாற்பது அடி என்று கொண்டால் 2,400 அடி உயரம்! அவ்வளவும் ஒரு பிடி தவறினால் உயிருக்கே ஆபத்தான ஏற்றம்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது இத்தொழிலின் உயிர்நாடி. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புகுந்தால், அதிலுள்ள சர்க்கரை சாராயச் சத்தாக மாறும், அதுவே கள். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த நுண்ணுயிர்களை அடக்கிவைக்கிறது; சர்க்கரை சிதையாமலும் காக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் பதனீர் புளிக்கும். புளித்ததைக் காய்ச்சினால் கட்டியாக உறையாது. மிகுந்தாலோ சுவை கெடும். அந்த அளவை எந்தப் புத்தகமும் கற்பித்ததில்லை, கைப்பழக்கமே கற்பித்தது.

இறக்கிய பதனீரை வடிகட்டி, 'விடிலி' எனப்படும் ஓலைக் குடிலில் பெண்கள் காய்ச்சுவர். வெயில் காலத்தில், அடுப்பின் அனலில், மணிக்கணக்காக நிற்கும் வேலை அது. பொங்கி வழியும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாகு தடித்ததும் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்ட வந்தால் பதம் ஆயிற்று என்று இறக்கிக் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றுவர். சிரட்டையின் வடிவமே கருப்பட்டியின் வடிவம். அதற்கு முந்தைய பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் பல வாரம் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும். சுக்கும் ஏலமும் சேர்த்தால் சில்லுக்கருப்பட்டி.

கருப்பட்டிக் காப்பி, ஓலைக்கொழுக்கட்டை, பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி என்று அதன் பயன் பலவாகும். பழைய வீடுகளின் சுண்ணச் சாந்திலும் கடுக்காய் நீரோடு கருப்பட்டி நீர் கலந்தார்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியைத் தாராளமாக உண்ணலாம் என்று பலர் சொல்லக் கேட்கிறேன். அது தவறு. சீனியில் இல்லாத சிறிதளவு தாதுப்பொருள்கள் இதில் உண்டு என்பது மெய்; ஆயினும் இதன் பெரும்பகுதி சர்க்கரையே.

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021-இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மரத்திற்குக் காவல் கிடைத்தது. ஏறுவதற்குத்தான் ஆள் அருகி வருகின்றனர். பனையேறியின் மகன் வேறு வேலைக்குப் போவதை நான் குறைகூற மாட்டேன்; எத்தனையோ பேரைப் படிக்கவைத்து அனுப்பியவர்களுள் நானும் ஒருவன். ஆனால் எஞ்சியிருப்பவரின் கூலியையும் கலப்படம் பறிக்கிறதே! காய்ச்சும்போது சீனியைக் கொட்டிக் கருப்பட்டி என்று விற்கிறார்கள். கண்ணால் மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. கணக்கு ஓரளவு துணைசெய்யும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழப் பத்து லிட்டர் பதனீர் வேண்டும். அதன்மேல் விறகு, கூலி. சீனியின் விலையை ஒட்டி ஒருவர் கருப்பட்டி விற்றால், அதில் பனையின் பங்கு எவ்வளவு இருக்க முடியும்?

இயன்றவர்கள் பருவத்திலேயே காய்ச்சுபவரிடம் நேரில் சென்று வாங்கிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக் கசியும். அக்காலத்து வீடுகளில் ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பார்கள். விறகடுப்பு இல்லாத வீட்டில் காற்றுப் புகாத பாத்திரமே போதும்.