தலைக்கவசமும் துரத்தலும்

சாலைக் கடைத்தெருவில் வேலை பார்க்கும் நம்மவர் பிள்ளைகள் சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுள் ஒருவனுக்கு நேர்ந்ததை முதலில் கூறி, பிறகு விஷயத்துக்கு வருகிறோம்.

நமக்குப் பழக்கமான குடும்பத்துப் பையன் அவன், வயது பத்தொன்பது. சரக்கு கொடுத்துவிட்டுத் திரும்புகையில் வளைவில் காக்கி உடையைக் கண்டான். தலைக்கவசம் தலையில் இல்லை. வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. உடனே வண்டியைத் திருப்பிச் சந்துக்குள் விட்டான். பின்னால் ஜீப் வந்த ஓசை கேட்டதென்கிறான். கேட்டது ஜீப்போ, அவன் நெஞ்சின் ஓசையோ, நாம் அறியோம். ஓடைக்கல்லில் மோதி விழுந்தான். மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. “ஏன் தம்பி ஓடினாய்?” என்று கேட்டோம். “மலையாளம் சரியா வராது மாமா. என்ன கேட்பாங்களோ, என்ன சொல்றதோன்னு பயமாப் போச்சு” என்றான்.

தலைக்கவசம் அணியாமைக்கு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கும் அபராதம் 1,000 ரூபாய். கேரளத்தில் அதனை 500 ஆகக் குறைத்து வசூலிக்கின்றனர். உரிமம் மூன்று மாதம் பறிபோகவும் கூடும், சிறைவாசம் கிடையாது. இவ்வளவு சிறிய குற்றத்துக்காக ஒருவரை வண்டியில் விரட்டிப் பிடிக்கலாமா?

இக்கேள்விக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் விடை கூறியது. மலப்புரம் மாவட்டத்தில், தலைக்கவசம் இன்றி வந்த இளைஞர் ஒருவர், தம்மை நிறுத்த முயன்ற போலீஸ்காரர்மீது மோதிய வழக்கு அது. ஜாமீன் மனுவை விசாரித்த நீதிபதி ராஜா விஜயராகவன், வண்டிகளைத் துரத்திப் பிடிப்பதும், நடுச்சாலையில் குதித்து மறிப்பதும் கூடா என்றார். வண்டி நில்லாவிடில் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். காமிராவில் படம் எடுக்கலாம். வயர்லெஸ் மூலம் முன்னால் உள்ளவர்களுக்குத் தகவல் கொடுக்கலாம். இவ்விதம் நடக்குமாறு மாநிலப் போலீஸ் தலைவரின் சுற்றறிக்கை 2012லேயே வந்திருந்ததை நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று. சுற்றறிக்கை ஏழாண்டுகள் கோப்பில் உறங்கியது போலும்!

தீர்ப்பின் சூடு ஆறுமுன்னரே, அதே மாதம் 28ஆம் தேதி, நம் ஊருக்கு வடக்கே கொல்லம் மாவட்டத்துக் கடய்க்கல் பகுதியில், நிற்காமல் சென்ற இளைஞர்மீது ஒரு போலீஸ்காரர் லத்தியை வீசி எறிந்தார். வண்டி தடுமாறி, சபரிமலை யாத்திரிகர் வந்த காரில் மோத, இளைஞர் பலத்த காயமுற்றார். போலீஸ்காரர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு, 2018 மார்ச் 7 அன்று, திருச்சியை அடுத்த துவாக்குடிப் பக்கத்தில் இதனினும் கொடியது நடந்தது. தலைக்கவசமின்றி மனைவியுடன் சென்றவரை இன்ஸ்பெக்டர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை உதைத்தார். பின்னிருக்கையிலிருந்த மனைவி விழுந்து மாண்டார். தலைக்கவசம் எவர் உயிரைக் காக்க ஏற்பட்டது என்பதையே அன்று மறந்துவிட்டனர்.

பலாத்காரப் பிரயோகம் பற்றிய பொதுச்சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. கைது செய்கையில் எதிர்ப்பவரையோ தப்ப முயல்பவரையோ பிடிக்க அவசியமான வழிகளைக் கையாளலாம். ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரது உயிரைப் போக்கும் உரிமை இல்லை. வெள்ளையர் காலத்து 1898ஆம் வருஷச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 1973ஆம் வருஷச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவிலும் இருக்கிறது.

நாம் ரெயில்வேயில் கணக்கு எழுதும் குமாஸ்தாவே. எனினும் எங்கள் இலாகாவின் வழக்கம் ஒன்றைச் சொல்லலாம். ஒரு வண்டி நிலையத்தைக் கடக்கையில் அதன் கடைசிப் பெட்டியில் இருக்கவேண்டிய அடையாளப் பலகையோ விளக்கோ காணப்படவில்லையென்றால், ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியின் பின்னால் ஓடுவதில்லை. வழியில் பெட்டி கழன்று நிற்கக்கூடும் என்பதால் அந்தப் பாதையில் வேறு வண்டியை விடாமல், அடுத்த நிலையத்துக்குச் சொல்லி அங்கே நிறுத்திச் சோதிக்கச் செய்கிறார். ஓடும் வண்டியைவிட விரைவாகச் செல்வது செய்தி. சாலையிலும் அப்படியே.

போலீஸார் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது சரியன்று. நிற்காத வண்டி திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். வெயிலில் சாலையோரம் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? மலப்புரத்து வழக்கில் அடிபட்டவரும் போலீஸ்காரர்தாமே. குழந்தையைக் கடத்திச் செல்லும் காரை எவரும் துரத்தவேண்டாம் என்று சொல்லமாட்டார். அத்தகைய ஆபத்தைக் காண்பவர் 112 எண்ணை அழைத்தால் கட்டுப்பாட்டு அறை அருகிலுள்ள வண்டியை அனுப்பும். நம் வீட்டுப் பெண்டிரும் முதியோரும் இவ்வெண்ணை மனத்தில் இருத்துவது நலம்.

2023 ஜூன் 5 முதல் கேரளத்துச் சாலைகளில் 726 காமிராக்கள் அபராதம் விதித்து வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தலைக்கவசம், இருக்கைப் பட்டை முதலியவற்றைக் கவனிப்பவை. சீட்டு வண்டியின் சொந்தக்காரர் பெயருக்கே போகும். ஆகவே வண்டியை இரவல் கொடுப்போர் யோசித்துக் கொடுக்கட்டும். 2019 டிசம்பர் 1 முதல் பின்னால் அமர்பவருக்கும் கவசம் கட்டாயம் என்பதை நம்மில் பலர் இன்னும் பொருட்படுத்துவதில்லை. கையைக் காட்டினால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மொழி வராவிட்டால் தமிழிலேயே மெதுவாகச் சொல்லுங்கள். இவ்வூர்ப் போலீஸாரில் தமிழ் புரியாதவர் குறைவு.

மேற்சொன்ன பையனுக்குக் கட்டுப் பிரிப்பதற்குள் கடை முதலாளியின் தொலைபேசிக்கு ஒரு சீட்டு வந்தது. விழுந்த அன்று காலையிலேயே வேறொரு சந்திப்பில் காமிரா அவனைப் படம்பிடித்திருந்தது. படத்தில் முகமும் தெளிவாயிருந்தது, கைப்பிடியில் தொங்கிய கவசமும் தெளிவாயிருந்தது. முதலாளி 500 ரூபாயைக் கட்டிவிட்டார், சம்பளத்தில் பிடிக்கவில்லை.