இருபத்து நான்கால் வகுத்த கார்

1959-ம் ஆண்டு காடிலாக் எல்டொராடோ கார் சுமார் 5.7 மீட்டர் நீளம். அதை 25-ஆல் வகுத்தால் 23 சென்டிமீட்டர்தான். புத்தக அலமாரியில் ஒரு தட்டு போதும். ஆனால் வகுத்து வந்த எண்களை அப்படியே பிளாஸ்டிக்கில் வடித்து வைத்தால், அது பொம்மையாகத்தான் தெரியும். காரைச் சுருக்கிவிடலாம். அதன்மேல் விழும் வெளிச்சம் சுருங்காது, பெயின்ட்டின் கனம் சுருங்காது, பார்க்கிற நம் கண்ணும் சுருங்காது. இந்த இடைவெளியைக் கையால் சரிக்கட்டும் கலைதான் மாதிரி கார் கட்டுவது.

முதலில் அளவுகள். ஓர் அடியை அரை அங்குலமாக்கினால் 1:24. பாகங்களாக வாங்கிப் பூட்டும் ஜப்பானிய கார் கிட்டுகளில் பெரும்பாலானவை இந்த அளவு. அமெரிக்கக் கிட்டுகளில் 1:25 அதிகம். ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் விரும்பும் 1:43 ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனில் ‘ஓ கேஜ்’ எனப்படும் மாதிரி ரயில்கள் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்பட்டன. அந்த ரயில் நிலையங்களுக்கு வெளியே நிறுத்திவைக்கக் கார்களும் அதே கணக்கில் வந்தன.

கார் கிட்டைப் பிள்ளைகளிடம் பரவலாகக் கொண்டுபோனது அமெரிக்கா. 1948-ல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், புதிய கார்களின் சிறு வடிவங்களைச் செய்து கார் டீலர்களுக்குக் கொடுத்துவந்தது. ஷோரூமுக்கு வருபவர்களுக்குக் காட்டவும், அவர்கள் பிள்ளைகளின் கையில் கொடுக்கவும் அவை பயன்பட்டன. 1958-ல் அந்த நிறுவனம் ஒரே பெட்டியில் மூன்று கார் என்ற கிட்டுகளைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்கார மாற்றங்களோடு கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். மூன்றுக்குமான பாகங்கள் பெட்டிக்குள் இருக்கும். பூட்டாமல் மீந்தவற்றை யாரும் எறியவில்லை. ஒரு காரின் என்ஜினை இன்னொன்றில் பொருத்துவது, ஒன்றின் சக்கரத்தை மற்றொன்றுக்கு மாற்றுவது என்று அந்த மிச்சப் பாகங்களிலிருந்தே ‘கஸ்டம்’ மாதிரிக் கார்கள் பெருகின. பிற்பாடு இதே நிறுவனம், நிஜக் கார்களை வெட்டி உருமாற்றுவதில் பேர்பெற்ற ஜீன் வின்ஃபீல்டை அமர்த்தி, முழு அளவுக் கார்களைச் செய்யும் பட்டறையையும் நடத்தியது.

துல்லியத்தில் உச்சம் தொட்டது ஜப்பானின் ஷிசுவோகா. தாமியா, அவோஷிமா, ஃபுஜிமி, ஹசெகாவா ஆகிய நான்கு கிட் நிறுவனங்களும் இந்த ஒரே மாகாணத்தைச் சேர்ந்தவை. மரவேலைக்குப் பேர்போன பகுதி அது. தாமியாவே 1946-ல் மர அறுவை ஆலையாகத்தான் தொடங்கியது. 1970-களில் போர்ஷே 934 பந்தயக் காரின் 1:12 மாதிரியைச் செய்யும்போது, படங்களும் அளவுக் குறிப்புகளும் போதவில்லை என்று அந்த நிறுவனத்தின் ஷுன்சாகு தாமியா ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தார். 1976-ல் வெளிவந்த கிட்டின் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, எஃகு அச்சுக்குள் அதிக அழுத்தத்தில் செலுத்தி வார்த்தவை இவை. சிறு கட்டரால் பாகத்தைப் பிரித்து, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கூரையிலும் மட்கார்டிலும் அதைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். விட்டுவிட்டால் பெயின்ட் அடித்த பிறகு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

இதற்கான பசை, காகிதம் ஒட்டும் பசை போல நடுவில் ஒரு படலமாக நிற்பதில்லை. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கின் ஓரத்தில் பிரஷ் நுனியை வைத்தால் போதும். திரவம் தானாக உள்ளே ஓடிப் பரவும். அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கவிட்டு ஆவியாகிவிடும். காய்ந்தபின் அது ஒரே துண்டு. கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் இது ஆகாது, சூப்பர் க்ளூவும் ஆகாது. சூப்பர் க்ளூவின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்மையாகப் படிந்துவிடும். அங்கே வெள்ளைப் பசைதான் பாதுகாப்பு.

இனி வகுத்தல் கணக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்கலாம். நிஜக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாதிரியின் உடலை அதை வகுத்து வரும் அளவுக்கு மெல்லியதாக வார்க்க முடியாது; அதுவே ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். 24-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தடித்த இரும்பு! சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் இந்தத் தடிமன் அப்பட்டமாகத் தெரியும். அனுபவசாலிகள் உட்பக்கத்திலிருந்து கூரான பிளேடால் மெல்ல மெல்லச் சீவி, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் மெலிதாக்குவார்கள். உள்ளே தகடு தடிமனாகவே இருக்கும், கண்ணுக்கு அது தேவையில்லை.

கதவு இடுக்கும் அப்படித்தான். நிஜத்தில் 4 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் 0.17 மில்லிமீட்டர். பிரைமர், நிறம், கிளியர் என்று மூன்று கோட் விழுந்தால் அந்தக் கோடு தூர்ந்துவிடும். அதனால் பெயின்ட்டுக்கு முன்பே ஊசி போன்ற கருவியால் கோட்டை ஆழப்படுத்துகிறார்கள். வேலை முடிந்தபின், நீர்க்கக் கரைத்த எனாமலைக் கோட்டில் தொட்டு வைத்தால் அது வழிந்தோடி நிழலாக நிற்கும். வெள்ளைக் காருக்குக் கறுப்பு நிழல் மிகையாகத் தெரியும், சாம்பல் நிறமே இயல்பாக இருக்கும்.

பெயின்ட்தான் இந்தக் கலையின் உயிர். மெட்டாலிக் நிறத்தில் உள்ள அலுமினியத் துகள் 30 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 1:24 காரின் மீது அது ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் தகடாகக் காட்சி தரும். எனவே மிக நுண்ணிய துகள் கொண்ட நிறங்களைத் தேட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பால் உடலைக் கழுவி, பிரைமர் அடித்து, ஏர்பிரஷ்ஷால் மெல்லிய கோட்டுகளாக ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் கனமாக அடித்தால் வழியும். தூரத்திலிருந்து அடித்தால் சொரசொரக்கும். கிளியர் நன்றாகக் காய்ந்த பிறகு, 2000-ம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டால், ஜன்னல் கம்பியின் பிம்பம் கூரையில் நெளியாமல் விழும். தேய்க்கும்போது முனைகளைத் தொடக்கூடாது, அங்கேதான் பெயின்ட் முதலில் விட்டுப்போகும்.

உருமாற்றத்துக்கு வருவோம். அமெரிக்கக் கஸ்டம் கார்களில் புகழ்பெற்றது கூரையைத் தாழ்த்துவது. ஜார்ஜ் பாரிஸின் பட்டறை 1951 மெர்குரி ஒன்றின் கூரையை அறுத்துத் தாழ்த்தி உருவாக்கிய ‘ஹிரொஹாட்டா மெர்க்’, இன்றும் அந்தப் பாணிக்கு இலக்கணம். நிஜத்தில் 10 சென்டிமீட்டர் தாழ்த்துவது, 1:25 மாதிரியில் 4 மில்லிமீட்டர். தூண்களில் அந்த அளவை வெட்டியெடுத்துக் கூரையை இறக்கினால், மேலே உள்ள துண்டும் கீழே உள்ள துண்டும் சேராது! தூண்கள் சாய்ந்திருப்பதால், கீழிறங்கும் கூரை தன் அடிப்பாகத்தை விடக் குட்டையாகிவிடுகிறது. ஒன்று தூண்களை இன்னும் சாய்க்க வேண்டும், அல்லது கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் ஒரு பட்டை சேர்க்க வேண்டும். நிஜக் காரைத் தாழ்த்துபவர் வெல்டிங்கோடும் டிங்கரிங்கோடும் மல்லுக்கட்டும் அதே வடிவியல் சிக்கலை, மேசையில் இருப்பவர் ரம்பத்தோடும் பட்டியோடும் தீர்க்கிறார்.

கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் சக்கரமோ இருக்கையோ எடுத்துக்கொள்ளும் வசதி இப்போது வந்திருக்கிறது. கிட்டில் இல்லாத காரையும் கட்ட முடிகிறது. இந்த அச்சில் பயன்படும் ரெசின் காயாத நிலையில் தோலுக்குக் கெடுதல் என்பதால் கையுறை கட்டாயம். லாக்கர் பெயின்ட் அடிக்கும்போது காற்றோட்டமும் முகக்கவசமும் கட்டாயம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களுக்குச் சொல்ல ஒரு வரலாறு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கு மாதிரி செய்யும் போட்டி நடத்தி, படிப்புக்குப் பணம் கொடுத்தது. பிற்பாடு அதற்குச் சொந்தமாகக் கற்பனை செய்த காரை 1:12 அளவில் செதுக்கி அனுப்ப வேண்டியிருந்தது. 1947-ல் அதில் வென்ற சக் ஜோர்டன், பிற்காலத்தில் அதே நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவரானார்.

தொடங்க நினைத்தால், என்ஜின் இல்லாத, பாகங்கள் குறைந்த ஒரு 1:24 கிட்டை எடுங்கள். பெட்டியில் உள்ளபடியே அதைக் கட்டுங்கள். சக்கர வளைவைச் சீவுவதையும் கதவுக் கோட்டை ஆழப்படுத்துவதையும் மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள். அடுத்த காரில் ஒரே ஒரு மாற்றம், உங்கள் சொந்த யோசனையில். அதற்குப் பிறகு தெருவில் நிற்கும் எந்தக் காரையும், அதன் தகடு எங்கே மடிகிறது, வெளிச்சம் எங்கே உடைகிறது என்று பார்க்காமல் கடக்க முடியாது. பொருள்களை உற்றுப் பார்க்கும் இந்தப் பழக்கமே இந்தப் பொழுதுபோக்கு தரும் பெரிய செல்வம்.