குறை சொல்லும் முறை

கூலி ஏதும் பெறாமல், தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டு ஒரு மென்பொருளை எழுதி, அதன் மூலநிரலையும் மறைக்காமல் உலகத்தார் யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுகிறவரிடம் அதன் குறையை எப்படிச் சொல்வது என்பது வெறும் மரியாதையைப் பற்றிய விஷயம் என்றே பலர் எண்ணுகிறார்கள். அது பாதுகாப்பைப் பற்றிய விஷயமும்கூட என்பதை 2024-இல் வெளிப்பட்ட ஒரு சூழ்ச்சி சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டது.

கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் 'எக்ஸ்இஸட் யூடில்ஸ்' என்ற மென்பொருள் லினக்ஸ் கணினிகளில் பரவலாக வழங்குவது. அதைப் பல்லாண்டுகளாகப் பராமரித்து வந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒரே ஒரு தொண்டர். புதிய பதிப்பு ஏன் வரவில்லை, அனுப்பிய திருத்தங்களை ஏன் சேர்க்கவில்லை, இயலாதென்றால் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிடலாமே என்று 2022-இல் முன்பின் அறியாத பெயர்களிலிருந்து அவருக்குக் கடிதத்தின்மேல் கடிதம் வந்தது. தமக்கு நெடுநாளாக மனநலக் குறைவு இருப்பதையும், இது ஊதியமற்ற பணி என்பதையும் அவர் விநயமாக எடுத்துச் சொன்னார், வற்புறுத்தல் நின்றபாடில்லை. அச்சமயத்தில், ஒழுங்காகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்திருந்த 'ஜியா டான்' என்ற பெயரின் கைக்குப் பொறுப்பு சிறிது சிறிதாகச் சென்றது. அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர், 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில், பிறர் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழியொன்றைப் புதைத்து வைத்தார். கடுங்கடிதம் எழுதியவர்களும் அச்சூழ்ச்சியின் பொய்ப் பெயர்களே என்று ஆராய்ந்தோர் பலர் கருதுகிறார்கள். என்னை வருத்துவது, அக்கடிதங்கள் அன்று விபரீதமாகத் தோன்றவில்லை என்பதே. தொண்டரை அதிகாரத் தொனியில் விரட்டுவது அவ்வளவு சகஜமாகிவிட்டிருந்தது.

அச்சூழ்ச்சியை உடைத்ததும் ஒரு குறையறிக்கைதான். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் உழைப்பவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். எவரையும் ஏசாமல், முன்பு 0.299 விநாடி, இப்போது 0.807 விநாடி என்று அளந்து, காரணத்தைப் படிப்படியாகத் துருவிச் சென்று, விஷயம் அபாயகரமானது என்று தெரிந்ததும் முதலில் உரியவர்களுக்கு அந்தரங்கமாகத் தெரிவித்து, மார்ச் 29 அன்று பகிரங்கமாக எழுதினார். தாம் பாதுகாப்பு நிபுணர் அல்லர் என்பதையும், ஆராயாமல் விட்ட பகுதிகள் உண்டு என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தார். குறை சொல்வதற்கு அதைவிட உயர்ந்த மாதிரியை நான் கண்டதில்லை.

அந்த அளவு நிபுணத்துவம் நம் எல்லோருக்கும் வராது, தேவையும் இல்லை. 'புட்டி' மென்பொருளை எழுதிய சைமன் டாதம் 1999-இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியது போல, மென்பொருளை எழுதியவர் தம் கண்ணெதிரே அந்தப் பிழையை நிகழ்த்திப் பார்க்கும்படி செய்தால் போதும். எந்தப் பதிப்பில், எதைச் செய்தபோது, எதை எதிர்பார்த்து எது நிகழ்ந்தது என்பதையும், திரையில் தோன்றிய பிழைச் செய்தியையும் எழுத்துப் பிசகாமல் தர வேண்டும். "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியிலிருந்து குறை சொன்னவரின் எரிச்சலைத் தவிர வேறெதையும் அறிய முடியாது. அதே குறையை வேறெவரேனும் முன்பே பதிந்திருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பதும் தொண்டரின் பொழுதை மீட்டுத் தரும் உபகாரமே.

இத்தனைக்கும் பிறகு கைகழுவி விலக எல்லா நியாயமும் இருந்தும், அந்த ஃபின்லாந்துத் தொண்டர் திரும்பி வந்து, நஞ்சு கலந்த நிரலை அகற்றி, 2024 மே மாதம் 5.6.2 பதிப்பை வெளியிட்டார்.