வயலைக் காக்கும் சிறு குளவிகள்



தஞ்சோங் காராங் வயலிலிருந்து நம் ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலர் ஒரு நெல்லிலையைக் கொணர்ந்தனர். அதன் நுனியருகே பழுப்பு நிறப் பஞ்சு போன்ற சிறு பொதி ஒன்று ஒட்டியிருந்தது. தண்டுத் துளைப்பான் என்னும் அந்துப்பூச்சி இட்டு, தன் உடல் மயிரால் மூடிவைத்த முட்டைகள் அவை. இலையைக் கண்ணாடிப் புட்டியிலிட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தோம். சில நாள்களில் வெளிவந்தவை புழுக்கள் அல்ல. எள்ளினும் சிறிய கரும்பூச்சிகள்! "ஐயா, ஏமாந்துபோனோம்" என்றான் ஒருவன். உண்மையில் ஏமாந்தது தண்டுத் துளைப்பானே.

அவை குளவி இனத்தைச் சேர்ந்தவை, மனிதரைக் கொட்டா. தாய்க்குளவி தன் முட்டையை அந்துப்பூச்சியின் முட்டைக்குள் இடுகிறது. உள்ளே பிறக்கும் குளவிப்புழு அம்முட்டையையே உண்டு வளர்கிறது. இவற்றுள் டெலினோமஸ் என்னும் வகையின் சூழ்ச்சி வியப்புக்குரியது. அது அந்துப்பூச்சியின் வால்மயிரைப் பற்றிக்கொண்டே பயணம் செய்யும். முட்டை வெளிவந்ததும், மயிர் மூடுமுன் தன் வேலையை முடித்துவிடும்.

தப்பிய முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் தண்டைத் துளைத்து உட்புகும். இளம்பயிரின் குருத்து காயும். முற்றிய பயிரின் கதிர் வெளுத்துப் பதராகும். தண்டினுள் இருக்கும் புழுவைத் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. வெளியே திரியும் குளவியோ முதலில் மடிகிறது. புகையான் பூச்சி பெருகியதைக் கண்ட இந்தோனேசிய அரசு, 1986இல் 57 வகை மருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது.

தோட்டத்திலும் இதே கதைதான். 1960ஆம் ஆண்டுகளில் செம்பனை மட்டைகளைப் பைப்புழுக்கள் அரித்துத் தின்றபோது, ஆய்வாளர் பி. ஜே. உட் காரணத்தை ஆராய்ந்தார். டி.டி.டி. போன்ற மருந்துகள் புழுவின் பகைவரான குளவிகளை அழித்ததே அப்பெருக்கத்திற்குக் காரணம் என்று கண்டார்.

தோட்டச் சாலையோரத்தில் காலையில் மலர்ந்து நண்பகலில் கூம்பும் டர்னெரா செடிகள் அழகுக்காக மட்டும் நடப்பட்டவை அல்ல. பைப்புழுவை ஒழிக்கும் குளவிகளுக்கு அவற்றின் தேனே உணவு. பள்ளிக்கு வரும் வழியில் அவற்றைப் பறிப்போர் யாரென நாம் அறிவோம். பெயரை இங்கே எழுதவில்லை! களைக்கொல்லி தெளிக்கும் பெற்றோரும் அச்செடிகளை ஒதுக்கிவிட வேண்டுகிறோம்.

புட்டியிலிருந்த குளவிகளை மாணவர் மறுநாள் காலை அதே வயல் வரப்புக்குக் கொண்டுசென்று, துணியை அவிழ்த்துவிட்டனர்.